மேட்டைத் தாண்டாமலே அந்தப் பக்கம்

நேற்று டியூஷன் பிள்ளைகளோடு வேலூர் கோட்டைக்குப் போயிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கருங்கல் மதிலில் கை வைத்து, "சார், எலக்ட்ரான் இதுக்குள்ள பூந்து வந்துடுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

"இல்லம்மா, குவாண்டத்தில், அதாவது அணு அளவு உலகத்தில், தடை என்பது கல்சுவர் இல்லை, ஆற்றல் மேடு" என்றேன். அதைத் தாண்டத் துகளிடம் இருப்பதைவிட அதிக ஆற்றல் வேண்டும். ஆனால் குவாண்டத்தில் துகளை ஓர் அலையாகவும் பார்க்கிறோம். அந்த அலை மேட்டில் சட்டென்று நின்றுவிடாது. உள்ளே போகப் போக வேகமாகத் தேயும். மேடு மெல்லியதாக இருந்தால் மறுபக்கத்திலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் டன்னலிங்குக்கான வாய்ப்பு, அதாவது துகள் மேட்டைத் தாண்டாமலே மறுபக்கம் வந்துவிடும் வாய்ப்பு. ஆற்றலைக் கடன் வாங்கித் தாண்டுகிறது என்று சிலர் சொல்லித்தருவது எனக்கு ஒப்பவில்லை. துகள் அதே ஆற்றலோடுதான் வெளியே வருகிறது.

1928-இல் இயற்பியலாளர் காமோவ் இதை வைத்துத்தான் ஆல்பா சிதைவை, அதாவது அணுக்கருவிலிருந்து ஆல்பா துகள் வெளியேறுவதை, விளக்கினார். அதே ஆண்டு கர்னி, காண்டன் என்ற இரு இயற்பியலாளர்களும் சேர்ந்து, காமோவைச் சாராமல், அதே விடைக்கு வந்தார்கள். ஆல்பாவின் ஆற்றல் கொஞ்சம் கூடினாலே டன்னலிங் வாய்ப்பு பல மடங்கு ஏறிவிடும். யுரேனியம்-238 விடும் ஆல்பாவின் ஆற்றல் சுமார் 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், கிட்டத்தட்ட 447 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212-க்கு ஆற்றல் சுமார் 8.8. ஏறக்குறைய இரண்டு மடங்குதான். ஆனால் அரை ஆயுள் ஒரு மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கூட இல்லை! இந்த இரண்டு அரை ஆயுள்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அப்புறம் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம் ஒன்று. மேட்டைவிட அதிக ஆற்றல் இருக்கிற துகளும் சில சமயம் திரும்பிவிடும். ஏன், மேட்டுக்குப் பதில் ஆற்றலில் திடீர்ப் பள்ளம் வந்தாலும் அலையின் ஒரு பங்கு பின்னால் எதிரொளிக்கும்.