125 ரூபாய் ரசீது

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. வயது 32. சந்தோஷம்தான், ஆனால் ஒரு வருடத்தில் முடிந்திருக்க வேண்டியதற்கு இரண்டு வருடம் போனதே என்ற எரிச்சல் இன்னும் ஆறவில்லை. என்னைப் போலப் பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுத நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இலங்கையில் மன்னார் பக்கம். 2006இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது குடும்பத்தோடு படகில் அரிச்சல்முனைக்கு வந்து இறங்கினோம். அப்புறம் மண்டபம் அகதி முகாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாவது சேர்த்தார்கள், அதைப் பாதியில் விட்டேன். கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கம் வந்து, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குக் கேட்டபோது பத்தாவதாவது வேண்டும் என்றார்கள். சரி, எழுதிவிடுவோம் என்று கிளம்பினேன்.

2023 டிசம்பரில் தனித்தேர்வர் விண்ணப்பம் போடும் சேவை மையத்துக்குப் போனேன். ஆதாரைப் பார்த்த எழுத்தர், "டி.சி. எங்கம்மா?" என்றார். இல்லை என்றேன். "வாங்கிட்டு வாங்க." அவ்வளவுதான். வேறென்ன வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை, அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாக ராமநாதபுரம். முதல் தடவை போன அன்று தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்தார், அவர் கையெழுத்து இல்லாமல் டி.சி. தர முடியாதாம். போகும் முன் போன் செய்து கேட்டிருந்தால் அந்த ஒரு நாள் பிழைத்திருக்கும். இரண்டாவது தடவை அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் எங்கள் ஊர் வழக்கப்படி அப்பாவின் முழுப் பெயரும் முன்னால் நிற்கிறது. யாரோ இரண்டு பேருடைய தாள் மாதிரி இருந்தது. டி.சி.யில் இருக்கிறபடிதான் விண்ணப்பத்திலும் பெயர் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று போட வைத்தேன். நீங்களும் 'சரிபார்த்தாயிற்று' என்று தலையாட்டும் முன் திரையைத் திருப்பச் சொல்லித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு திருத்த அலைவது தனிக் கதை.

ஆனால் அந்தத் திரை வரைக்கும் போனது அடுத்த வருடம்தான். அதற்கு முன் நடந்தது இது. டி.சி.யோடு ஜனவரியில் அதே மையத்துக்குப் போனேன். கெடு முடிந்திருந்தது, தக்கலில் போட்டுவிடலாம் என்று கூடுதல் பணமும் எடுத்துப் போயிருந்தேன். அதே எழுத்தர் டி.சி.யைப் புரட்டிவிட்டு, "செய்முறை ரசீது?" என்றார்.

"எந்த ரசீது சார்?"

"சயின்ஸ் பிராக்டிகல் கிளாஸ் போயிருக்கணுமேம்மா. அது இல்லாம எப்படிப் போடுறது? அடுத்த வருஷம் வாங்க."

மூன்று வாரத்துக்கு முன் இதே ஆள், இதே நாற்காலி. அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு தடவை ராமநாதபுரம் ஓடியிருக்க மாட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

விஷயம் இதுதான். நேரடியாகப் பத்தாவது எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிய வேண்டும். கட்டணம் 125 ரூபாய். பள்ளி திறந்த கொஞ்ச நாளில் நாளிதழின் மூலையில் சின்னதாக அறிவிப்பு வரும். அதை விட்டால் தேர்வே எழுத முடியாது. வகுப்புகளில் 80 சதவீத வருகையும் வேண்டும். தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15, இரண்டும் தனித்தனியாக எடுத்தால்தான் அறிவியலில் பாஸ்.

2024இல் ஜூன் பிறந்ததிலிருந்து தினமும் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது.

எங்களுக்கு வகுப்பு சனிக்கிழமைகளில். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைகளில் பதினாலு ஜாக்கெட் பாக்கி இருந்தது, ராத்திரி தைத்துவிட்டுக் காலையில் போனேன். என் மேசையில் பதினாறு வயதுப் பையன்கள் மூன்று பேர், 'அக்கா' என்று கூப்பிட்டு என் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். குவிலென்ஸை ஜன்னல் பக்கம் பிடித்து வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், வெளியே நின்ற தென்னை விரல் நீளத்துக்குத் தலைகீழாகத் தாளில் விழுந்தது. ஓலை அசைவதுகூடத் தெரிந்தது. ஸ்கேலை வைத்து அளக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மிஸ் திட்டினார்.

எனக்கு வேறொரு தொல்லை, சொற்கள். எட்டாம் ஆண்டு வரை நான் படித்தது ஒட்சிசன், ஐதரசன், அமுக்கம். இங்கே ஆக்சிஜன், ஹைட்ரஜன், அழுத்தம். 'காபனீரொட்சைட்டு' என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்ல, வகுப்பே சிரித்தது. பழைய சொல்லையும் புதிய சொல்லையும் எதிரெதிரே எழுதித் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஊரை விட்டு வந்து படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே படிப்பு யோசனை அதுதான். நேரடித் தனித்தேர்வருக்கு முதல் மொழிப் பாடம் தமிழ் மட்டும்தான், அது எனக்குச் சர்க்கரை.

2025 மார்ச் கடைசியில் தொடங்கிய தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கைத் தவிர. 37. அந்த இரண்டு மார்க் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. செய்முறையில் 24.

அசல் சான்றிதழ் வாங்க மையத்துக்குப் போன அன்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பி, கையில் டி.சி.யும் ஆதாரும். "செய்முறைக்குப் பதிஞ்சாச்சா?" என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தார். முதலில் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள், நாள் இருக்கிறதா கேளுங்கள் என்று அனுப்பி வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த எழுத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.