தமிழ் இலக்கணத்தின் வழியே கற்ற ஆங்கிலம்

தாய்மொழியே போதனாமொழியாகிவிட்டிருந்த 1970களில் யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு ஆங்கிலம் பாடங்களுள் ஒன்றாக மட்டுமே இருந்தது. வீட்டிலோ வீதியிலோ அதைக் கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்நிலையில் எங்கள் ஆங்கில ஆசிரியர், தமிழ் வகுப்பில் நாங்கள் முன்பே படித்திருந்த இலக்கணத்தைக் கொண்டே ஆங்கில விதிகளை விளங்கவைத்தார். அம்முறையின் அருமையை, இலண்டனுக்குப் புதிதாக வரும் எம்மவர்க்கு மாலை வகுப்பு நடத்தும் இந்நாட்களில் முழுமையாக உணர்கிறேன்.

உயிரெழுத்தின் முன் 'ஆன்' வரும் என்று மனனம் செய்திருந்த வகுப்பு, 'ஆன் யூனிவேர்சிற்றி' என்று எழுதியது. அவர் கரும்பலகையில் 'ஓர் ஊர்', 'ஒரு யானை' என்று எழுதி, எல்லோரையும் உரக்கச் சொல்லவைத்தார். யூனிவேர்சிற்றி என்ற சொல் எழுத்தால் உயிரில் தொடங்கினாலும் ஒலியால் யகரத்தில் தொடங்குவதால், யானைக்கு 'ஒரு' வருவதுபோல அதற்கு 'எ' வரும் என்றும், மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லில் முதலெழுத்து ஒலிக்காததால் அதற்கு 'ஆன்' வரும் என்றும் விளக்கினார். முதன்முறை சொல்லும் பொருளுக்கு 'ஒரு', மறுமுறை சொல்லும்போது 'அந்த' என்று நினைத்தால் 'த' வரும் இடம் தெரியும் என்றார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்குவோருக்கு நல்ல வழி. தமிழில் பெயருக்குப் பின்னே ஒட்டும் வேற்றுமை உருபின் வேலையை ஆங்கிலத்தில் முன்னே நிற்கும் சிறுசொற்கள் செய்கின்றன என்பதையும் அவ்வாறே கற்றோம்.

எனக்கு மிகவும் பிடித்தது எதிர்மறைப் பாடம். 'ஹீ டிட் நொட் கேம்' என்பது ஏன் பிழை என்று காட்ட, 'வந்தான்', 'வரவில்லை' என்ற இரண்டையும் அருகருகே எழுதினார். 'வந்தான்' இறந்தகாலம் காட்டுகிறது. ஆனால் 'வரவில்லை' என்பதிலுள்ள 'வர' காலங்காட்டாத எச்சம். அதுபோலவே ஆங்கிலத்திலும் காலத்தை 'டிட்' சுமந்துகொள்ள, பின்னால் வரும் வினை 'கம்' என்று வெறுமனே நிற்கிறது. விதியை ஒப்புவிப்பதைவிட இந்த ஒப்பீடு ஆழமாகப் பதிந்தது.

அதே வழியில்தான் இன்று 'ஃபோர்', 'சின்ஸ்' இரண்டையும் கற்பிக்கிறேன். 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்பவரிடம், 'ஐந்து வருடமாக', '2019 முதல்' என்ற இரண்டையும் சொல்லச் சொன்னால், கால அளவுக்கு ஒன்றும் தொடக்கத்துக்கு மற்றொன்றும் தமிழிலும் உண்டென்று அவரே கண்டுகொள்கிறார். நேரம் பிடிப்பது வினைதான்: தமிழ் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் நிறுத்த, ஆங்கிலம் 'ஹாவ் பீன்' என்று கேட்கிறது. வைத்தியரிடமும் வேலைக்கான நேர்முகத்திலும் முதலில் தேவைப்படுவது இவ்வாக்கியமே ஆதலால், அது நாவில் படியும்வரை அடுத்த பாடத்துக்கு நான் போவதில்லை.