எச்.எம்.: ஆய்வு முறைகள் பாடக் குறிப்புகள்

ஜூலை 4
ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்விலிருந்து பொது விதி எதையும் வகுத்துவிடக் கூடாது என்று ஆய்வு முறைகள் வகுப்பில் பேராசிரியர் வலியுறுத்தினார். அடுத்த பாடவேளையில், நினைவின் உடலியல் அடிப்படைக்குத் தலையாய சான்றாக எச்.எம். என்ற பெயரெழுத்துகளால் ஆய்வுகளில் குறிக்கப்படும் ஒரே நோயாளியைக் காட்டினார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதே மாலை முழுவதும் என் யோசனையாக இருந்தது.

ஜூலை 5
1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், கடும் வலிப்பால் அல்லலுற்ற 27 வயது எச்.எம்.மின் மூளையில், காதுகளை ஒட்டிய மடல்களின் உட்பகுதியை, அங்குள்ள ஹிப்போகாம்பஸ் என்ற வளைந்த அமைப்பின் பெரும்பகுதியோடு, இருபுறமும் அகற்றினார் மருத்துவர் வில்லியம் ஸ்கோவில். வலிப்பு தணிந்தது, புதிய நிகழ்ச்சிகளை நினைவில் இருத்தும் ஆற்றல் போய்விட்டது. 1955 ஏப்ரலில் மொன்றியலிலிருந்து வந்து பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னரிடம், அது 1953 மார்ச் என்றும் தமக்கு வயது 27 என்றும் அவர் சொன்னார். ஆனால் அறுவைக்கு முன் 104 ஆக இருந்த அவருடைய நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.), இப்போது 112. அறிவே மங்கியதால் நினைவும் கெட்டது என்ற எளிய விளக்கத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

ஜூலை 8
நான் தேடிய விடையில் பாதி, ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. அதில் எச்.எம். தனியாக இல்லை, மூளையின் அதே மடல்களில் அறுவைக்கு உள்ளான இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். வெட்டு ஹிப்போகாம்பஸை எட்டாமல், அதற்கு முன்னால் உள்ள அமிக்டாலா என்ற பகுதியோடு நின்றபோது நினைவு கெடவில்லை. ஹிப்போகாம்பஸுக்குள் பின்னோக்கி நீண்டபோது மறதி கடுமையாக இருந்தது. இங்கே யாரையும் சீரற்ற முறையில் குழுக்களாகப் பிரிக்கவில்லை, பிரிக்கவும் முடியாது. ஆயினும் வெட்டின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டதால் ஒப்பீடு சாத்தியமாயிற்று. அந்த ஒப்பீட்டுக்கு மனிதர்கள் கொடுத்த விலையை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஜூலை 9
மறுபாதி கண்ணாடிச் சோதனையில் கிடைத்தது. கண்ணாடியில் மட்டும் தெரியும் நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாட்களில் 30 முயற்சிகள்; எச்.எம்.மின் பிழைகள் படிப்படியாகக் குறைந்தன, முன்பு அதைச் செய்த நினைவோ அவருக்கு இல்லவே இல்லை. என் கணிப்பில், 1957 கட்டுரையைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு. நிகழ்ச்சியை நினைவுகூர்வதும் கை பழகுவதும் மூளையில் ஒரே ஏற்பாட்டைச் சார்ந்தவை அல்ல என்பதை ஒரு தாளும் கண்ணாடியும் காட்டிவிட்டன. இத்தகைய முடிவுக்கு ஆயிரம் பேர் தேவையில்லை. நினைவு முழுவதும் ஒன்றே என்ற கூற்றை மறுக்க, ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட ஒருவர் போதும்.

ஜூலை 13
எச்.எம்.மின் மூளையில் 8 செ.மீ. ஆழம் வரை அகற்றியதாக ஸ்கோவில் மதிப்பிட்டிருந்தார். 1990களில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியதோ சுமார் 5 செ.மீ. மட்டுமே: ஹிப்போகாம்பஸின் பின்பகுதி சுருங்கிய நிலையில் எஞ்சியிருந்தது, அதை ஒட்டிய மூளை மேலுறையில் (புறணியில்) எண்டோரைனல் என்ற பகுதி ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. ஆகவே மறதிக்கு ஹிப்போகாம்பஸ் ஒன்றையே காரணமாக்க இயலாது. என் குறிப்பேட்டில் ‘ஹிப்போகாம்பஸ் = நினைவு’ என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் இந்த இரண்டு அளவுகளையும் குறித்துவைத்தேன்.