120 ஜிபியிலிருந்து 500 ஜிபிக்கு

ஹட்டனில் மழையோடு மின்சாரமும் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததால் வாரக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலையை, யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். கணினியில் விண்டோஸ் இருந்த 120 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) நிரம்பி அப்டேட்டுகள் பாதியிலேயே நின்றுவிட்டதால், 500 ஜிபி ஒன்றை வாங்கி, டிரைவ்களைப் பிரதி எடுக்கும் மென்பொருளான குளோன்சில்லாவைப் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பழையதை அப்படியே பிரதி எடுத்தேன்.

பிரதி எடுக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை; தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புதிய டிரைவிலும் விண்டோஸ் இருக்கும் சி பகுதி பழைய அளவிலேயே நிற்க, அதை விரிவாக்கும் தெரிவு அழுத்த முடியாமல் மங்கிப்போய்க் கிடந்தது. விண்டோஸ் ஒரு பகுதியை அதன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் வெற்றிடத்துக்குள் மட்டுமே நீட்டும். இங்கோ இரண்டுக்கும் நடுவே சில நூறு எம்பி அளவான ரிக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் பகுதி) குந்திக்கொண்டிருந்தது. டிரைவின் பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருள் மூலம் அதைக் கடைசிக்கு நகர்த்திய பிறகே சி பகுதி விரிந்தது.

பிரதியும் மூலமும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருக்கும் என்பதால், முதற்தடவை இயக்கும்போது பழைய டிரைவின் வயரைக் கழற்றிவிடுவது நல்லது. (நான் மறந்தேன், கணினி பழையதிலிருந்தே எழுந்தது.)

விண்டோஸ் மொத்த அளவை 465 என்று காட்டியதும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தம்பி கொதித்தான். கேபி, எம்பி, ஜிபி என ஒவ்வொரு படியையும் உற்பத்தியாளர் முந்தையதைப் போல் 1,000 மடங்கு எனக் கணக்கிடுவதை விண்டோஸ் 1,024 மடங்கு எனக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். பழைய டிரைவை அழிக்காமல், இப்போதைக்குத் தேயிலை டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.