கருப்பன் மோந்து முடிக்கட்டும்

எங்கள் நாய் கருப்பனுக்கு இந்தத் தையோடு 12 வயது. தெருவோரம் குட்டியாகக் கிடந்தவன். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. இந்த வயதில் மயக்கமருந்து தாங்காது என்று டாக்டர் சொன்னதால் ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம்தான் தடுமாறினான். அப்புறம் மாடிப்படி, கொல்லைக் கதவு, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றுக்கும் நேராகப் போக ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவன் மூக்கை உட்கார்ந்து கவனித்தேன்.

நாய் புழுதியில் மோப்பம் பிடிக்கும்போது குனிந்து பாருங்கள். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். முன்னால் இருக்கும் காற்றை உள்ளே இழுக்கும். விடுகிற மூச்சு அந்தக் கீறல் வழியாகப் பக்கவாட்டில் பின்னோக்கிப் போகும். மூக்குக்கு இருபுறமும் புழுதி இரண்டு சின்னக் கோடாகப் பறக்கும். அதனால் மோந்துகொண்டிருக்கும் வாசனை கலைவதில்லை. இப்படி ஒரு நொடிக்கு நாலைந்து தடவை! வாசனை அறியும் ஏற்பிகள் நமக்குச் சுமார் 400 வகை, நாய்க்குச் சுமார் 800.

அவன் குட்டியாக இருந்தபோது பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்புப் பந்து வாங்கினேன். புல்லில் விழுந்தால் கண்ணெதிரே கிடந்தாலும் மூக்கால்தான் தேடுவான். "கண்ணு தெரியலையாடா?" என்று கத்தியிருக்கிறேன். நாயின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் தெரியாது. ஜே நைட்ஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1989லேயே நாய்களைப் பழக்கிச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அதைப் படித்த அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

காதிலும் அவன்தான் மேல். நொடிக்கு 20,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரையுள்ள கீச்சு ஒலி நமக்குக் கேட்கும் என்றால் நாய்க்கு 45,000 வரை.

ஆனால் நம் மூக்கையும் மட்டமாக நினைக்க வேண்டாம். மழை விழுந்ததும் எழும் மண்வாசனையில் முக்கியமானது ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் கலந்திருந்தாலே மனிதருக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! ஐப்பசியில் முதல் தூறல் விழுந்தபோது வாசலுக்கு ஓடினேன். கருப்பனும் வந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு என் காலோடு ஒட்டி நின்றான். அந்தக் காற்றில் அவனுக்கு இன்னும் என்னென்ன கிடைத்ததோ.

இத்தனை வருடம் கரண்ட் கம்பத்தில் அவன் மூக்கை வைத்தாலே செயினைப் பிடித்து இழுத்திருக்கிறேன், ஆபீசுக்கு நேரமாகிறதே என்று. நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. இப்போது அரைமணி முன்னாலேயே எழுந்துவிடுகிறேன். நேற்று பால் பூத் பக்கத்துக் கம்பத்தில் ஆறு நிமிடம் நின்றான். செயினைத் தளர விட்டுவிட்டு நானும் நின்றேன்.