அரை அங்குல மேடு

கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் போன வருடம் ஒரு தள்ளுவண்டி செய்தேன். பம்ப் பாடி வார்ப்புகள் ஒவ்வொன்றும் 25 கிலோ. வாசலில் இறக்கியதை, இரும்பைக் கடையும் லேத்துக்கும், அங்கிருந்து டிரில்லிங் மெஷினுக்கும் ஆள் வைத்துத் தூக்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆங்கிளும் (L வடிவ இரும்புச் சட்டம்) தகடும் வாங்க ஒரு வாரம் யோசித்தேன். சக்கரம் வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் மூன்று அங்குல நைலான் சக்கரத்தை மேசையில் வைத்து, "ஒண்ணு நூறு கிலோ தாங்குமுங்க" என்றார். நாலு சக்கரம், நானூறு கிலோ. கணக்கு இவ்வளவு லேசாக முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலையும் சுழலும் வகையாகவே எடுத்தேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பட்டுமே என்ற ஆசை.

வெறும் வண்டி பொம்மை மாதிரி ஓடியது. 12 வார்ப்பு ஏற்றியதும் குணம் மாறிவிட்டது. எங்கள் தரை சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரிவு. நான் நேராகத் தள்ள, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. எங்கள் வெல்டர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர், "ஏனுங்க தம்பி, தானாப் போற வண்டியா செஞ்சிருக்கீங்க?" என்றார்.

ஷட்டர் வாசலில் தரையோடு பதித்த ஆங்கிள் ஒன்று அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். தினமும் நூறு தடவை தாண்டுகிற இடம், கண்ணில் பட்டதே இல்லை. முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. வேகம் கொடுத்துத் தள்ளினோம். வண்டி நின்றுவிட்டது, மேலே இருந்த வார்ப்பு நிற்கவில்லை. என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. வார்ப்பின் விளிம்பு உடைந்தது, ஒரு சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை வளைந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். முதல் தப்பு, நாலால் வகுத்தது. மேடுபள்ளமான தரையில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பாரம் வாங்காது. ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதனால் மூன்றால்தான் வகுக்க வேண்டும். இரண்டாவது தப்பு, வண்டியின் எடையை மறந்தது. 4 அடிக்கு 2 அடி, 6 மில்லி தகடு மட்டுமே 35 கிலோ. ஆங்கிள் சட்டம் 60 கிலோவுக்கு மேல். சரக்கு 300 கிலோவோடு சேர்த்தால் மொத்தம் 400. மூன்றால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 133 கிலோ. முட்டல், குலுக்கல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 200 கிலோ தாங்கும் சக்கரம் வேண்டும்.

அந்த மேட்டின் கணக்குதான் என்னை அசத்தியது. முன்சக்கரம் இரண்டின் மேலும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து அரை அங்குல மேட்டில் ஏற்ற, மூன்று அங்குலச் சக்கரத்துக்குத் தோராயமாக 220 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். அதாவது, அதைத் தள்ளுவதைவிடத் தூக்கிவைப்பது சுலபம்! ஆறு அங்குலமானால் 130, எட்டு அங்குலமானால் 110. மூன்றிலிருந்து ஆறுக்குப் போனால் பெரிய லாபம், அதற்கு மேல் அவ்வளவு இல்லை. எட்டு அங்குலம் போட்டால் மேல்தகடு என் நெஞ்சுக்கு வந்துவிடும். ஆறு போதும் என்று முடிவு செய்தேன். அதற்கே வண்டியின் கால்களை மூன்றரை அங்குலம் அறுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் எதில் செய்த சக்கரம் என்ற கேள்வி. வார்ப்பிரும்பு எவ்வளவு பாரமும் தாங்கும்; ஆனால் சிமென்ட் தரையைப் பெயர்த்துவிடும், சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும். ரப்பர் சத்தம் போடாது; ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிவிடும், லேத் அடியில் கிடக்கும் இரும்புச் சுருள் அதில் குத்தினால் லேசில் வெளியே வராது, பாரத்தோடு நாலு நாள் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகும். நைலான் எண்ணெய்க்கு அசையாது, லேசாகவும் உருளும். ஆனால் தரை வெடிப்பில் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று அடிக்கும், அந்த அடி நேராக வார்ப்புக்குப் போகும். கடைசியில் வார்ப்பிரும்பு வட்டின் மேல், ரப்பர் மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் ஏற்றிய சக்கரம் எடுத்தேன். சுருள் இதிலும் குத்தும், ரப்பர் அளவுக்கு இல்லை. சனிக்கிழமை கூட்டும்போது குறடு வைத்துப் பிடுங்கிவிடுகிறோம். பேரிங் வைத்தது, கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் வாய்) உள்ளது என்று பார்த்து வாங்கினேன்.

முன்னால் இரண்டு சுழலாதவை, கைப்பிடிப் பக்கம் இரண்டு சுழல்பவை. நண்டு நடை அன்றோடு போனது. வெல்டர் அண்ணன் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சூட்டில் சுழலும் இடத்துக் கிரீஸ் உருகிப் போகும், நாளை சக்கரம் மாற்றவும் அறுக்க வேண்டும். தகடு வைத்து, துளை போட்டு, பத்து மில்லி போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டு முடுக்கினோம்.

வாசல் மேட்டுக்கு இரண்டு பக்கமும் சிமென்ட் சரிவு போட்டாயிற்று. அது காயும்வரை, வண்டியைக் கோணலாக வைத்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினோம். முட்டுவது ஒரே சக்கரம், தள்ளுவதும் பாதி.

பின்சக்கரம் இரண்டிலும் பிரேக் இருக்கிறது. ஆனாலும் அண்ணனுக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. மாசியில் கோனியம்மன் தேர் ராஜ வீதியில் வரும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுவார்களே, அதே மாதிரி வேப்பங்கட்டையில் இரண்டு ஆப்பு செதுக்கி, கம்பியில் கோத்து வண்டிக் காலில் தொங்கவிட்டிருக்கிறார். சாக்கடைச் சரிவில் நிறுத்தும்போது நான் பிரேக்கை மிதிப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து ஆப்பைச் சொருகிவிட்டுப் போவார்.