நிழலில்லா நாள்: இரண்டு ஊர் சேர்ந்து பூமியை அளப்பது எப்படி

ஊரில் அறிவியல் விழா என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஃபிளெக்ஸில் நான்கைந்து அமைப்புகளின் பெயர் இருக்கும், வேலை ஒருவர் தலையில் விழும், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பேச்சு கேட்பார்கள். இதை மாற்ற வேண்டுமென்றால், கூட்டு இல்லாவிட்டால் விடையே கிடைக்காத ஒரு சோதனையை எடுத்துக்கொள்ள வேண்டும். நிழலில்லா நாள் அப்படிப்பட்டது. ஓர் ஊரில் மட்டும் பார்த்தால் நிழல் மறையும் அதிசயத்தோடு முடிந்துவிடும். தொலைவில் இன்னோர் ஊரிலும் அதே நாளில் அளந்தால் பூமியின் சுற்றளவு கைக்கு வரும்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். ஏப்ரல் தேர்வுக் காலம் என்பதால் ஆகஸ்ட் 18ஐ வைத்துச் சொல்கிறோம். அன்று சென்னையில் சுமார் 12.13க்கு நிமிர்ந்து நிற்கும் கம்பத்தின் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். கன்னியாகுமரி மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே உச்சிப்பொழுது 12.24 வாக்கில்தான். அப்போது 100 செ.மீ. கம்பத்துக்குத் தெற்கே 8.7 செ.மீ. நிழல் விழும். இந்த 8.7தான் நமக்கு வேண்டியது.

துணை ஊரைத் தேடுவது கடினமல்ல. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு மாவட்டந்தோறும் ஆட்கள் உண்டு. அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்துபார்த்துக் கற்க 2022இல் அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் நடுநிலைப் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். இவர்கள் வழியாக மறுமுனையில் ஒரு பள்ளியைப் பிடித்துவிடலாம். நம் ஊரில் பள்ளி, கிளை நூலகம், மகளிர் சுயஉதவிக் குழு ஆகியவற்றோடு, யாரும் அழைக்காத ஒருவரையும் அழைக்க வேண்டும்: கொத்தனார். கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் கேட்டால் தூக்குக்குண்டும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். சோதனை நிற்பதும் விழுவதும் அவர் கையில்தான்.

காரணம் எளிது. ஒரு மீட்டர் கம்பம் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் அதன் நுனி 1.7 செ.மீ. நகர்ந்துவிடும். 8.7இல் 1.7 என்பது ஐந்தில் ஒரு பங்கு. சுமார் 40,000 கி.மீ. வர வேண்டிய சுற்றளவு, தெற்கே சாய்ந்தால் நிழல் நீண்டு 33,000 பக்கம் வரும், வடக்கே சாய்ந்தால் 50,000ஐத் தொடும். கண்பார்வைக்கு நேராகத் தெரிவது போதாது. தூக்குக்குண்டை ஒரு பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்குச் செங்குத்தான இன்னொரு பக்கத்திலும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பார்வையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கொத்தனார் சுவரில் தினமும் செய்வது இது. அவரே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரட்டும். பாடப்புத்தகத்தில் வரும் செங்குத்து என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கருவி இவ்வளவுதான்: இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை, அதன் நடுவில் அடியிலிருந்து திருகிய மரக்குச்சி, குச்சியில் சொருகி நிறுத்தும் பிவிசி குழாய், பலகை மீது வெள்ளைச் சார்ட். குழாயின் மேல்நுனி பலகையிலிருந்து சரியாக 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நுனியைச் சாய்வில்லாமல் அறுத்துத் தேய்த்துவிடுங்கள். குமரி முனையில் ஆகஸ்ட் காற்று குழாயை ஆட்டும்; மூன்று பக்கமும் நூல் கட்டி இழுத்து நிறுத்தலாம், நூலின் நிழலால் தொல்லை இல்லை. பலகையை மேசை மீது வைத்து, அடியில் அட்டைத் துண்டுகள் செருகி ரசமட்டம் பாருங்கள். தரையில் வைத்தால் குனிகிற தலைகள் வெயிலை மறைக்கும். 70 செ.மீ. உயர மேசை என்றால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் தானே குறிக்கலாம்.

உச்சிப்பொழுதுக்கு 20 நிமிடம் முன்பு தொடங்கி 20 நிமிடம் பின்புவரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறிக்க வேண்டும். பேனாவால் குறிக்காதீர்கள், ஒட்டுப்பொட்டு வையுங்கள். வெல்வெட் பொட்டு விரலுக்குத் தட்டுப்படும். பொட்டுகள் மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து சேரும். பார்வையற்ற பிள்ளை குழாயின் அடியில் ஒரு விரல் வைத்து, மறு கையால் பொட்டுகளைத் தடவி, மிக அருகில் இருப்பது எது என்று சொல்லிவிடலாம். அந்தப் பொட்டுதான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். ஓரமாக உட்கார வைத்து வர்ணனை சொல்வது பங்கேற்பு ஆகாது.

குறிக்கும்போது நிழல் நுனி கூர்மையாக இல்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம்; அதனால் ஒரு மீட்டர் உயரத்து நுனியின் நிழல் சுமார் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கித் தெரியும். மங்கலின் நடுவில் பொட்டு வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் நடு மாறும் என்பதால் கடைசிவரை ஒரே பிள்ளை வைப்பது நல்லது, மற்றவர்கள் நேரம் சொல்லட்டும். நேரத்துக்குக் கைபேசியையே பாருங்கள், சுவர்க் கடிகாரம் வேண்டாம். நான்கு நிமிடம் தவறினால் சூரியன் ஒரு பாகை நகர்ந்திருக்கும்.

அளக்கும்போது இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. ஸ்கேலைக் குழாயின் மையத்தில் தொடங்கக் கூடாது. நிழல் விழும் பக்கத்து வெளி விளிம்பில் தொடங்க வேண்டும். குழாயின் நுனியும் ஒரு வட்டம்தான், அதன் விளிம்பின் நிழலைத்தான் குறித்திருக்கிறோம். மையத்திலிருந்து அளந்தால் குழாயின் பாதி விட்டம், ஒரு செ.மீ.க்கு மேல், வீணாகச் சேர்ந்துவிடும்.

கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். கம்பத்தின் உயரத்தில் நிழல் எத்தனை பங்கோ, பூமியின் ஆரத்தில் இரண்டு ஊர்களின் இடைவெளியும் ஏறக்குறைய அத்தனை பங்கு. இரண்டு ஊருக்கும் நடுவே வடக்கு-தெற்குத் தொலைவு சுமார் 555 கி.மீ. அதை 100ஆல் பெருக்கி 8.7ஆல் வகுத்தால் 6,379. இது பூமியின் ஆரம். அதை 6.28ஆல் (இரண்டு மடங்கு பை) பெருக்கினால் சுற்றளவு 40,062 கி.மீ. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008. இங்கே சாலைத் தொலைவை எடுத்துவிடாதீர்கள்: 700 கி.மீ. போட்டால் விடை 50,000ஐத் தாண்டும். அட்சரேகை வித்தியாசத்தை 111ஆல் பெருக்கித் தொலைவு கண்டுபிடிப்பதும் கூடாது, ஏனென்றால் அந்த 111க்குள்ளேயே பூமியின் அளவு உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த விடையையே திரும்ப எடுப்பதாகிவிடும். அச்சிட்ட வரைபடத்தில் ஸ்கேல் வைத்து, நேர் வடக்கு-தெற்காக அளக்க வேண்டும். அந்த வரைபடங்களின் வேர் சென்னையிலேயே இருக்கிறது: 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலி போட்டு, மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான அடிக்கோட்டை அளந்துதான் இந்திய நில அளவையின் பெரும் முக்கோண வலை தொடங்கியது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வெயில் நேரம் என்பதால் பலகைக்குப் பக்கத்தில் பந்தல், தலைக்குத் துண்டு, மோர்ப் பானை. இவற்றைச் சுயஉதவிக் குழுவிடம் விட்டால் கச்சிதமாக நடக்கும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே அளக்கிறார்கள், அவர்களும் ஒரு பொட்டு வைக்கட்டும். சூரியனை நேராக யாரும் பார்க்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். பேச்சும் பொன்னாடையும் ஒரு மணிக்குப் பிறகு.

மேகம் வந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். ஒரு நாள் தள்ளினால் சூரியன் நகர்வது மூன்றில் ஒரு பாகைதான். இரண்டு ஊரும் ஒரே நாளில் அளந்தால் எந்த நாளும் ஆகும், கணக்கு மட்டும் மாறும். இரு ஊர் நிழலும் ஒரே திசையில் விழுந்தால் நீளங்களைக் கழிக்க வேண்டும். எதிரெதிர்த் திசையில் விழுந்தால் கூட்ட வேண்டும். ஆகஸ்ட் 25 வாக்கில் சென்னை நிழல் வடக்கேயும் குமரி நிழல் தெற்கேயும் விழும், அப்போது கூட்டல். டிசம்பரில் நிழல்கள் மிக நீண்டிருக்கும், அங்கே நீளத்தை வைத்து இப்படிச் செய்ய முடியாது. கோணத்தைத்தான் கழிக்க வேண்டும்.

அன்று மாலையே இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கைபேசியில் பேசி எண்களை மாற்றிக்கொள்ளட்டும். ஆசிரியர்கள் இடையில் புகுந்து எண்ணைத் திருத்த வேண்டாம், 36,000 வந்தால் 36,000 என்றே எழுதி, எங்கே தவறியது என்று தேடட்டும். பொட்டு வைத்த சார்ட்டை நூலகத்தில் மாட்டி வையுங்கள். ஏப்ரல் 24இல் திரும்ப அளக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.